கோட்டைக் கல்லுக்குள் ஒரு பிள்ளை

நீங்க தமிழ்தானே அக்கா? “குக்கரை மட்டும் அணைச்சுருங்க, நான் வந்து தாளிச்சுக்கிடுதேன்” என்று போனில் சொன்னீங்களே, அந்தக் ‘கிடுதேன்’ காதில் விழுந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. எந்த ஊர், கடையநல்லூர்ப் பக்கமா? நான் கயத்தாறு. பெயர் முத்துப்பேச்சி. ரயிலில் டிக்கெட் பார்க்க வந்தவரிடம் இந்த ஊர் ஜெர்மன் பாஷையில் படபடவென்று பொரிந்தீங்க, அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்து உங்க பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பாக நினைக்காதீங்க.

இந்தக் கவரை வாசித்துச் சொல்லணும். இல்லை, இல்லை, இப்பவே பிரிக்காதீங்க. நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன், பிறகு பிரிங்க. இதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? இதோ ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாளே, என் மகள் செண்பா, நாலு வயது, இவள் என்னோடு இருப்பாளா, இல்லை சர்க்கார் எடுத்துக்கொள்ளுமா என்று எழுதியிருக்கிறது. இந்த ஊரில் பிள்ளைகளுக்கென்றே ஓர் ஆபீஸ் உண்டே, அங்கேயிருந்து வந்திருக்கிறது.

காலையில் தபால்பெட்டியில் கிடந்தது. இவள் அப்பா காற்றாடி மெக்கானிக், கரண்டு எடுக்கிற காற்றாடி. நம் கயத்தாற்றுக் காற்றாடியில் ஏறிக்கொண்டிருந்தவரைத்தான் இங்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். மேலே ஏறுகிறபோது போனைக் கீழே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். சாயங்காலம்தான் பேச முடியும். போனில் படம் பிடித்தால் தமிழில் வருமே என்பீங்க. பட்டது போதும் அக்கா. குப்பை வண்டி வருகிற நாளைச் சொல்லி வந்த கடிதத்தை அது, ‘வியாழக்கிழமை உங்கள் இல்லம் காலி செய்யப்படும்’ என்றது. நான் பாத்திரத்தையெல்லாம் சேலையில் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். அதனால் டவுனில் இருக்கிற மலையாளச் சேச்சி, ஆஸ்பத்திரி நர்ஸ், அவரிடம் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். இன்னும் நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை இதை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு என்னமும் ஆகிவிடும்.

நான் பயப்படுகிற ஆள் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்றில் பாம்பு கிடந்தால் வாளியில் மொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் விட்டவள். தனியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு விமானம் மாறி வந்தவள். இந்தக் கோட்டை ஒன்றுதான் என்னைப் படுத்திவிட்டது.

கோட்டை என்றால் நம் திருமயம் கோட்டை மாதிரி நினைத்துவிடாதீங்க. அப்படி ஒன்று அங்கே இல்லை. எல்லர்ஷ்டைன் என்று பெயர் மட்டும் இருக்கிறது. எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு மலை, மலை உச்சியில் ஒரு மேடு, மேட்டைச் சுற்றி ஓர் அகழிப் பள்ளம், பள்ளம் நிறைய சருகு. அவ்வளவுதான். ஆனால் ஊர்க்காரர்கள் அதைக் கோட்டை கோட்டை என்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் பழைய கட்டடங்களையெல்லாம் ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள் இல்லையா, அன்றைக்கு இவர்களும் மலைக்குக் கூட்டிப்போவார்கள். திறந்துவிடக் கதவு கூட இல்லாத கோட்டை. போன செப்டம்பரில் நானும் போனேன். சுண்டல் எல்லாம் கட்டிக்கொண்டு, கோயில் திருவிழாவுக்குப் போகிற மாதிரி போனேன்.

கூட்டிப்போனது பிரிகிட்டா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும், கபடி சொல்லிக்கொடுக்கிற டீச்சர் மாதிரி குரல். அவர் ஒரு நீளக் கயிறு வைத்திருந்தார், நடுநடுவே முடிச்சு. அதை மேட்டின் மேல் போட்டு, முடிச்சுக்கு ஒரு பிள்ளையாக நிறுத்தினார். பிள்ளைகள் நின்ற வட்டம்தான் கோபுரம். சுவர் ரெண்டரை ஆள் கனம் என்று காட்ட, உள்ளே இன்னொரு வட்டம். செண்பாவும் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாயெல்லாம் பல்.

எனக்குப் புரிய வேண்டும் என்று பாதி இங்கிலீஷிலும் பாதி கையாலும் சொன்னார் பிரிகிட்டா. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரபு கட்டினான். ஆற்றுத் துறையில் போகிற உப்பு வண்டிகளை மறித்துச் சுங்கம் பிடுங்குவது அவன் குடும்பத் தொழில். இருநூறு முந்நூறு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பனிக்காலத்தில் பட்டணத்துக்காரர்கள் ஏறிவந்து கொளுத்திவிட்டார்கள். பிறகு ஆடு மேய்ந்தது. பிறகு எங்கள் ஊர் ஜனம் ஒவ்வொரு கல்லாக உருட்டிக்கொண்டு வந்து மாதா கோயில், பாலம், மாவு மில், பன்றித் தொழுவம் என்று கட்டிக்கொண்டது. கோட்டை அழியவில்லை, இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கடைசியில்தான் அந்தக் கதையைச் சொன்னார். கோபுரம் மூன்று தடவை கட்டி மூன்று தடவையும் சரிந்ததாம். உயிரோடு ஒரு பிள்ளையை வைத்துக் கட்டினால்தான் நிற்கும் என்றானாம் கொத்தன். ஏழு வயதுப் பெண்பிள்ளை, காலுக்குச் செருப்பில்லாத ஏழைப் பிள்ளை. புதுச் செருப்பு தருகிறோம் வா என்று கூட்டிப்போனார்களாம். பெற்றவளுக்கு ஒரு பசுமாடு. சுவருக்குள் உட்காரவைத்து, காலில் செருப்பை மாட்டிவிட்டு, கல்லை அடுக்கினார்களாம். பிறகு கோபுரம் நின்றது.

செண்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர் இருந்த இடத்தில் நிற்கிறாள் அக்கா. நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். கயிறு அறுந்தது மாதிரி கோபுரத்தில் ஓர் ஓட்டை விழுந்து, மற்றப் பிள்ளைகளெல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

நீங்க சொல்லுங்க, உங்கள் ஊரில் பாலம் கட்டினபோது பிள்ளை பிடிக்கிற பேச்சு வரவில்லையா? நான் மூணாம் வகுப்பு படிக்கையில் எங்கள் ஓடைக்குப் பாலம் கட்டினார்கள். தூணுக்குப் பிள்ளை கேட்கிறது, ஜீப்பில் வந்து பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கம்மா எட்டு நாள் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. களைவெட்டுக்குப் போகிறபோது கட்டில் காலில் பழஞ்சேலையால் என்னைக் கட்டிப்போட்டுப் போவாள். ஜீப் சத்தம் கேட்டால் நான் கட்டிலையும் இழுத்துக்கொண்டு போய்க் குதிருக்குப் பின்னால் ஒளிவேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அந்த மலையிலிருந்து இறங்குகிறபோது பிரிகிட்டா இன்னொன்றும் காட்டினார். அதுதான் வினை. கோட்டைக் கல் எது என்று கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டாம். தூக்குகிற இடுக்கி பிடிப்பதற்காக ஒவ்வொரு பெரிய கல்லுக்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி வெட்டியிருப்பார்கள். பார்த்தால் தொப்புள் மாதிரி இருக்கும். மாதா கோயில் சுவரில் காட்டினார், மில்லில் காட்டினார். செண்பா ஒவ்வொன்றிலும் விரலை விட்டு, “தொப்பை கல்லு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்து, துணி துவைக்கக் கீழறைக்குப் போனேன். வாஷிங் மெஷின் அங்கேதான். ஒன்றரை வருஷமாகத் தினமும் போகிற இடம். விளக்கைப் போட்டேன். மெஷினுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தொப்புள் அக்கா. எண்ணினேன், பதினொரு கல். அதில் ஒரு கல் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. பிள்ளைகள் குந்தி உட்கார்ந்தால் வாய் எட்டுகிற உயரம்.

மறுநாள் நான் துணியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், இவள் அந்தக் குழியில் வாயை வைத்து என்னமோ பேசிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். “உள்ள பாப்பா இருக்கும்மா” என்றாள். ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு இவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடிவந்துவிட்டேன். அதற்குப் பிறகு கீழறைக் கதவுக்கு வெளியே இருக்கிற தாழ்ப்பாளைப் போட ஆரம்பித்தேன், ஓர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். பயத்தில் இல்லை, ஒரு முன்னெச்சரிக்கைக்காக.

இவள் அப்பாவிடம் சொன்னால், வேறு வீடு பார்ப்போம் என்பார், வேறு வீடு கிடைக்கவே கிடைக்காது. அதனால் நானே யோசித்தேன். பயந்து என்ன பிரயோசனம், பிள்ளை என்றால் பிள்ளைதானே. நம் பக்கம் வீட்டில் ஒரு பெண்பிள்ளை சின்ன வயதில் போய்விட்டால் அப்படியேவா விட்டுவிடுகிறோம்? கன்னி என்று வைத்துக் கும்பிடுகிறோம். எங்கள் வீட்டில் எங்கப்பா கூடப்பிறந்த அத்தை ஒருத்தி ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். வருஷா வருஷம் ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுப் பாவாடை, வளையல், ரிப்பன் வைத்து, பால் வைத்து, பச்சரிசிச் சோறு வைத்துக் கும்பிடுவோம். அடுத்த வருஷம் புதுசு வைக்கிறபோது பழசை வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வயது வரைக்கும் நான் அந்த அத்தை பாவாடையைத்தான் போட்டு வளர்ந்தேன். எனக்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்தப் பிள்ளைக்கு அப்படி யார் செய்தார்கள்? பெற்றவளே மாட்டுக்கு விற்றவள். ஆக, டவுனில் ஏழு வயது அளவுக்கு ஒரு சிவப்புக் கவுன் வாங்கினேன். துணிக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் மடித்து வைத்தேன். என் பெட்டியிலிருந்து ஆறு கண்ணாடி வளையல். வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஒரு தம்ளர் பால், கொஞ்சம் சர்க்கரைச் சாதம். “தாயே, உன் தங்கச்சி மாதிரி இவளைப் பார்த்துக்கோ, கூப்பிட்டுக்கிடாதே” என்று கும்பிட்டுவிட்டு மேலே வந்தேன். துணி எடுக்கப் போகிறபோது இவள் முந்திக்கொண்டு ஓடுவாள், பின்னால் போய்ப் பார்த்தால், தம்ளர் காலி. சொட்டு இல்லை. அடுத்த வெள்ளியும் காலி. செண்பாவைக் கேட்டால், பாப்பா குடித்துவிட்டது என்று சத்தியமாகச் சொல்கிறாள். இதில் இன்னொன்று, வெள்ளிக்கிழமையானால் இவளும் பால் வேண்டாம் என்பாள், வயிறு நிறைந்திருக்கிறது என்பாள். ரெண்டு பிள்ளைக்கும் அப்படி ஓர் ஒட்டுதல் ஆகிவிட்டது என்று எனக்குக் கூடுதல் பயம்.

ஏன் சிரிக்கிறீங்க? சரி, கேளுங்க.

வீட்டு ஓனர் பெயர் ராபே. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், தனியாள், மேஸ்திரி வேலை பார்த்து ஓய்வானவர். ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை ஹீட்டர் மீட்டர் பார்க்கக் கீழே போனவர் வெகுநேரம் கழித்து ஏறி வந்தார். கையில் அந்தச் சிவப்புக் கவுன். இது யாருக்கு என்று கேட்டார். செண்பாவைப் பார்க்கிறார், கவுனைப் பார்க்கிறார். இவளுக்கு அது தரையில் புரளும்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம். பொய் சொல்லவும் தெரியாது, சுற்றி வளைக்கவும் தெரியாது. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன்: “பெண்பிள்ளை. வயது ஏழு. கீழே. நான் பால் தருகிறேன். வெளியே வராது.”

மனுஷன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தாழ்ப்பாளைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கவுனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். பார்த்தியா, இவருக்கும் கோட்டைப் பிள்ளை என்றால் பயம்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பெல் அடித்தது. போலீஸ் ரெண்டு பேர், பிள்ளைகள் ஆபீஸிலிருந்து மெர்ட்டன்ஸ் என்று ஓர் அம்மா, கட்டை முடி, கையில் பைல். போலீஸ்காரர் நேரே கீழறைக்குப் போனார். போலீஸ்காரி அலமாரி, கட்டிலுக்கடி, குளியலறை எல்லாம் திறந்து திறந்து பார்க்கிறாள். என்ன தேடுகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. மெர்ட்டன்ஸ் செண்பாவின் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவு சாத்தினது ஒன்று போதும் அக்கா, என் ஆயுசுக்கு.

எழுந்திருக்கப் போனேன். உட்காருங்கள் என்று போலீஸ்காரி கையைக் காட்டினாள், மரியாதையாகத்தான். தோசை மாவு பொங்கி, சட்டியை விட்டு வழிந்து, மேஜை மேல் இறங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். துடைக்க எழுந்தால் ஏதாவது நினைப்பார்களோ, துடைக்காமல் இருந்தால் அதற்கு ஏதாவது எழுதுவார்களோ. உள்ளே பிள்ளை சத்தம் இல்லை. அழுதாலாவது தேவலை என்று இருந்தது. சின்ன வயதில் கட்டில் காலில் கட்டின சேலை என் இடுப்பில் இருக்கிற மாதிரியே இருந்தது, குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் போனில் மொழி சொல்கிற ஆளைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்து அண்ணன். மேஜை மேல் போனை வைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டார்கள். “பதறாதையுங்கோ பிள்ளை, கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ” என்றார். அந்தக் குரலுக்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கீழே பூட்டி வைத்திருக்கிற ஏழு வயதுப் பிள்ளை எங்கே, அது யார் பிள்ளை என்று கேட்கிறார்கள் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் என்ன செய்ய? உள்ளதைச் சொன்னேன். பிள்ளை சுவருக்குள் இருக்கிறது, வைத்துக் கட்டின பிள்ளை, வெள்ளிக்கிழமை பால் வைக்கிறேன், குடிக்கிறது என்று.

பிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: “பிள்ளை, இதை நான் அப்பிடியே சொல்லட்டோ?”

“சொல்லுங்கண்ணே. உள்ளதுதானே.”

சொன்னார். போலீஸ்காரி என்னை விட்டு ரெண்டடி தள்ளி நின்றாள். போலீஸ்காரர் கீழே போய்ச் சுவரைத் தட்டியிருக்கிறார். பதினொரு கல்லில் பத்து கல் கல்லாகச் சத்தம் போட்டது. முழங்கால் உயரக் கல் மட்டும் பானை மாதிரி சத்தம் போட்டது.

ராபேயைக் கூப்பிட்டார்கள். உளியும் கடப்பாரையுமாக வந்தார். அவர் வீட்டுச் சுவர், அவர் கையாலேயே பெயர்க்கிறார். கோட்டைக் கல்லைத் தொட்டால் கோட்டையைப் பார்த்துக்கொள்கிற ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லியாக வேண்டுமாம், அதனால் அந்தச் சங்கத்து ஆளான பிரிகிட்டாவும் வேனை நிறுத்திவிட்டு வந்தார். நான் படியில் நின்றேன். என்னைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்லை ரெண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். போலீஸ்காரர் டார்ச் அடித்தார்.

உள்ளே ஒரு செருப்பு இருந்தது அக்கா. மூடின செருப்பு, தோல். கருவாடு மாதிரி காய்ந்து, இத்தனூண்டு.

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். வருஷா வருஷம் அந்தக் கதையைச் சொல்கிற பிரிகிட்டா, அப்படியே படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார். ராபே கடப்பாரையைச் சுவரில் சாத்தப் பார்க்கிறார், அது நிற்கவில்லை. மேலே மேஜையில் போன் “ஹலோ, ஹலோ, என்ன நடக்குது அங்கை” என்று கத்திக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் மியூசியத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், சின்ன வயது, கையுறை போட்டுக்கொண்டு. செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது புதுச் செருப்பு இல்லை என்றாள். அடி மூன்று தடவை தைத்தது, நுனி ஓட்டை, ரெண்டு மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் போட்டுக் கழித்தது. கோட்டை எரிந்து முந்நூறு வருஷத்துக்கு அப்புறம், இந்த வீடு கட்டினபோது யாரோ வேண்டுமென்றே வைத்தது. கெட்டது உள்ளே வராமல் இருக்க இந்தப் பக்கம் அப்படி ஒரு பழக்கம் இருந்ததாம். மலை மேல் ரெண்டு தடவை தோண்டிப் பார்த்தாயிற்று, பிள்ளையும் இல்லை எலும்பும் இல்லை. சுவருக்குள் இப்படிச் செருப்பு கிடைக்கிற ஊரிலெல்லாம் பிள்ளையை வைத்துக் கட்டின கதை ஒன்று முளைத்துவிடும் என்றாள்.

மறுபடி போனில் பிடித்த யாழ்ப்பாணத்து அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் நான் கேட்டேன், “திருஷ்டிச் செருப்பா?” நம் ஊரில் புது வீட்டு முகப்பில் பழைய செருப்பைத் தொங்கவிடுகிறோமே, இவர்கள் உள்ளே வைத்துப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதானே. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு கவுன் மிச்சம். அண்ணன் அதையும் மொழிபெயர்த்தார். மெர்ட்டன்ஸ் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் சிரித்த கையோடு பேனாவை எடுத்துக்கொண்டாரே. தாழ்ப்பாள் ஏன் வெளியே போட்டீர்கள் என்று கேட்டார். பிள்ளையைச் சுவரில் வைக்கிற கதையையெல்லாம் பிள்ளை முன்னால் பேசுவீர்களா என்று கேட்டார். கடைசியாக, உள்ளறையில் செண்பா தன் பாலர் பள்ளி ஜெர்மனில் சொன்னது என்று ஒன்றைச் சொன்னார்: “அம்மாவுக்குக் கீழ போகப் பயம். அதான் நானும் கூடப் போறேன்.” இப்படிச் சொன்னாளாம். இவளுக்கு என்ன தெரியும், நான் எங்கே அக்கா பயந்தேன்? அதையும் எழுதிக்கொண்டு, முடிவைக் கடிதத்தில் அனுப்புவோம் என்று போய்விட்டார்.

இன்றோடு மூன்று வாரம். மூன்று வாரமாக வாசலில் கார் நின்றால் நான் இவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுகிறேன். இவள் அது ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

சரி. பிரிங்க அக்கா. ஏட்டி செண்பா, இங்கே வந்து மடியில் உட்காரு. நெளியாதே, சும்மா உட்காரு.

முழுசாக வாசிங்க. ஒரு வரி விடாதீங்க.

என்ன? இன்னொரு தடவை சொல்லுங்க. பிள்ளைக்கு ஆபத்து எதுவும் இல்லை, பைலை மூடியாயிற்று. மூடியாயிற்று என்றுதானே போட்டிருக்கிறது? திரும்பத் திறக்க மாட்டார்களே? கையெழுத்து இருக்கிறதா? சீல்?

இருங்க, கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். ஒன்றுமில்லைட்டி, தூசி.

கீழே இன்னும் ரெண்டு வரி இருக்கிறதே. தாழ்ப்பாளை எடுத்துவிடச் சொல்கிறார்களா, சரி, நாளைக்கே. அடுத்தது? பயத்தைப் பற்றிப் பேச ஓர் இடத்து விலாசமா, எனக்கா? எனக்கு எதற்கு அக்கா? வேறு கடிதத்தில் போட வேண்டியதைத் தப்பாக இதில் போட்டிருப்பார்கள். சரி, விலாசம் கிழியாமல் மடிங்க, இருக்கட்டும்.

இன்னும் ஓர் உதவி. உங்களிடம் பேனா இருக்கிறதா?

போலீஸ் வந்துபோன நாலாம் நாள் ராபே வாசலில் வந்து நின்றார். கையில் பிளம் பழக் கேக், ஒரு தட்டு நிறைய. என் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவரைப் பூச வேண்டும், ஆனால் ஓட்டை வெறுமையாக இருக்கக் கூடாது, உங்கள் மகளின் பழைய செருப்பு ஒன்று இருந்தால் தாருங்கள் என்று கேட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். என் பிள்ளை செருப்பை நானே கொண்டுபோய்ச் சுவரில் வைப்பதா? மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு யோசித்தேன். வீட்டுக்குக் காவலாக இருந்ததை மியூசியத்துக்கு அனுப்பினது யார், நான்தானே. வைக்காமல் விட்டால் அந்த வீட்டில் தூங்க முடியாது. வைத்தால், இன்னும் முந்நூறு வருஷம் கழித்து எவளாவது கல்லைப் பெயர்த்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இந்தச் சுவருக்குள் செண்பா என்று ஒரு பிள்ளையை வைத்துக் கட்டினார்கள், பெற்றவள் கேக்குக்கு விற்றுவிட்டாள் என்று கதை சொல்லி, பிள்ளைகளைக் கயிறு பிடித்து நிறுத்துவாள்.

அதனால் ஒரு சீட்டு எழுதிச் செருப்புக்குள் வைக்கலாம் என்று எழுதினேன். இதோ, பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எழுதி முடித்த பிறகுதான் தோன்றியது, தமிழில் எழுதியிருக்கிறேனே, யார் வாசிப்பார்கள்? நாளைக்குக் காலையில் ராபே சாந்து குழைக்கப்போகிறார். அடியில் ஜெர்மனில் எழுதுங்க அக்கா. நல்ல எழுத்தாக, பெரிசாக எழுதுங்க.

‘இந்தச் செருப்புக்காரப் பிள்ளை நன்றாக இருக்கிறாள். இவளை யாரும் எடுக்கவில்லை. கால் வளர்ந்துவிட்டது, அதனால் செருப்பு சேரவில்லை.’

எழுதினீங்களா? சிவப்புக் கவுனைப் பற்றியும் போடலாமா? வேண்டாம், அது இவளுக்கு ஏழு வயதில் போட வைத்திருக்கிறேன். தேதி போடுங்க. கீழே என் பெயர் போடுங்க, முத்துப்பேச்சி, அம்மா என்று. அதோடு ஒரு வரி சேர்த்துக்கோங்க: கல்லை வைக்கிறபோது அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

இது என்ன ஸ்டேஷன்? எனக்கு இனி டவுனில் வேலை இல்லையே, இங்கேயே இறங்கித் திரும்பிவிடுகிறேன். போய்வருகிறேன் அக்கா. ஏட்டி, மெதுவா இறங்கு, இடைவெளி பெரிசா இருக்கு.

பாருங்க இவளை. பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோம்மா என்கிறாள்.